மூன்றாவது இருக்கையின் துவர்த்து

கீரிப்பாறையிலிருந்து நாகர்கோவிலுக்குப் போகும் இரண்டு மணிப் பேருந்தில், இடப்புறம் மூன்றாவது இருக்கையில் கிடக்கிற துவர்த்து ஏழு வருடமாகக் காயவில்லை. ஒரு மழை நாளில் யாரோ சன்னல் வழியாக அந்தத் துண்டைப் போட்டு இடம் பிடித்தார்கள். பிடித்த ஆள் ஏறவேயில்லை. அந்த வரிசை முழுக்க ‘பெண்கள்’ என்று பெயின்டில் எழுதியிருக்கிறது. எழுத்துக்குக் கீழேயே மீசைக்காரர்கள் வாய் பிளந்து தூங்குவார்கள், எழுப்பினால் முறைப்பார்கள். ஆனால் துவர்த்து கிடக்கிற இடத்தில் உட்கார அவர்களுக்கும் துணிச்சல் கிடையாது. அரசாங்கம் எழுதியதை மீறலாம், இன்னொருத்தர் துவர்த்தை எடுத்துப்போட மனசு வருமா?

தேவகனி ரப்பர் எஸ்டேட்டில் பால் வெட்டுகிறவள். மலைச்சரிவில் முந்நூறு மரத்தில் பால் வெட்டிச் சுமந்து கொடுத்துவிட்டு அவள் வழியில் ஏறும்போது பேருந்து நிறைந்திருக்கும். வலது கால்முட்டு தேய்ந்துபோனவள், ஒன்றேகால் மணி நேரமும் அந்தத் துவர்த்தின் பக்கத்தில்தான் நிற்பாள். உட்கார வேண்டும், அவள் ஆசை அவ்வளவுதான். “இரிக்கட்டா அண்ணே?” என்று கண்டக்டர் ததேயுஸிடம் ஒருநாள் கேட்டும் பார்த்தாள். “எனக்கென்ன மக்கா. ஆளு வந்து கேட்டா நீயா பதில் சொல்லுவ?” என்றார் அவர்.

பணிமனையைக் குறை சொல்ல முடியாது. நான்கு பேர் சேர்ந்து தூக்கினார்கள், துவர்த்து அசையவில்லை. பேருந்தையே கழித்துக்கட்டிப் புதியது விட்டார்கள். முதல் நாளே அதே இடத்தில் சொட்டச் சொட்டக் கிடந்தது. செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறி, இருக்கையைப் பிடித்த துவர்த்துக்குச் சீட்டு எங்கே என்று ததேயுஸுக்கு மெமோ கொடுத்தார். அது ஆணா பெண்ணா என்று ஒரு குழு எட்டு மாதம் ஆலோசித்து, பெண்கள் இருக்கையில் கிடப்பதால் பெண்ணே என்று முடிவெடுத்தது. அன்றிலிருந்து துவர்த்துக்கும் தினமும் கட்டணமில்லாச் சீட்டு. நிற்கிற தேவகனிக்கும் அதே சீட்டுதான்.

போன ஆடியில் முட்டு நீர் கோத்து வீங்கிய அன்று அவளுக்குப் பொறுக்கவில்லை. “அது எனக்க துவர்த்தாக்கும்” என்றாள். பச்சைப் பொய். ஏழு வருடமாக அவள் நிற்பதைப் பார்த்த கூட்டம் சட்டென்று ஒதுங்கி வழிவிட்டது. “இத முந்தியே சொன்னா என்ன?” என்று கடிந்துகொண்டார் ததேயுஸ். “யாரும் கேக்கல்லியே” என்றாள் தேவகனி. துவர்த்து லேசாகக் கையோடு வந்தது, மொடமொடவென்று காய்ந்திருந்தது. உட்கார்ந்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இறங்கும்போது நாளைக்கும் வேண்டுமே என்று நினைத்து அதை மறுபடி இருக்கையில் விரித்துப் போட்டாள். போட்ட உடனே நனைந்தது.

இப்போது தேவகனி தினமும் உட்கார்ந்துதான் வருகிறாள். அவள் லீவு போடுகிற நாட்களில், எட்டு மாதக் கர்ப்பிணியான பெபிஷா அந்த இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வருகிறாள். தேவகனிக்கு இது தெரியும், சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் முட்டு என்று ஒன்று இருக்கிறதே. இடம் சும்மாதானே கிடக்கிறது என்று வெளியூர்க்காரர் யாராவது இரக்கப்பட்டால், பெபிஷாவே சொல்லிவிடுகிறாள், “இதுக்கு ஆளு உண்டு.”