சந்தனச் சவர்க்காரம், மூன்று றேசர்

1

இந்தக் கதைக்காக நான் எங்கும் அலையவில்லை. சிசிலியில், பலெர்மோவிலிருந்து பகேரியாவுக்குப் போகும் காலை ரயிலில் அது தானாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "அக்கா, பொம்பிளை முகம் வழிச்சால் மீசை தடிச்சு வளருமோ?" என்று கேட்டது.

கேட்டவள் பெயர் அமலினி. மன்னார்ப் பெண், முப்பது தாண்டியவள். அவளும் நானும் பகேரியாவில் வெவ்வேறு வீடுகளில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிறோம்.

"அப்பிடித்தான் சொல்லுறவை. ஏன் கேக்கிறாய்?"

"என்னோடை இருக்கிற ஜப்பான்காரி கிழமைக்குக் கிழமை வழிக்கிறா. முகம் முட்டைக்கோது மாதிரி இருக்கு."

இதை எழுதட்டுமா என்று கேட்டேன். எழுதலாம், ஆனால் எழுதியதைத் தனக்கு வாசித்துக்காட்ட வேண்டும், பிழையென்றால் வெட்டவேண்டும் என்றாள். வெட்டினேன். வெட்டியவற்றில் சிலதை அடைப்புக்குறிக்குள் அப்படியே விட்டிருக்கிறேன். நான் எங்கெங்கே தடுக்கி விழுந்தேன் என்று வாசகருக்கும் தெரியட்டும்.

2

முதல் தொடக்கம்: (பலெர்மோவின் வானம் அன்று ஜப்பானியப் பட்டுப்போல விரிந்து)

"நான் வானத்தைப் பாக்கேல்லை அக்கா. சூட்கேசோடை நாலு மாடி ஏறினனான்."

இரண்டாம் தொடக்கம்: (இரு பண்பாடுகள் ஒரே குளியலறையைப் பகிரும்போது, சுத்தம் என்ற சொல்லின் பொருள்)

"இது பேப்பர்லை வாற கட்டுரை."

மூன்றாவது தொடக்கத்தை அவள் வெட்டச் சொல்லவில்லை. அதனால் கதை அங்கிருந்து தொடங்குகிறது.

அமலினி அண்ணன் விமலராஜின் வீட்டில் இருந்தவள். அண்ணி ஸ்ரெல்லாவின் தாய் தகப்பன் ஊரிலிருந்து வந்து சேர, அவளுடைய கட்டில் குசினிக்குள், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் போனது. யாரும் போ என்று சொல்லவில்லை. ஆனால் அவள் கண்ணயரும் நேரத்தில் யாராவது ஒருவருக்குத் தண்ணீர் விடாய்த்தது. மாதா கோயில் அறிவிப்புப் பலகையில், லிபெர்த்தா வீதிப் பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் நாலாம் மாடியில் ஓர் அறை காலி, பெண்களுக்கு மட்டும் என்று எழுதியிருந்தது. போனாள். கதவைத் திறந்தவர்கள் இரண்டு ஜப்பானியப் பெண்கள். ஹருயே மணப்பெண் உடுப்புத் தைக்கும் கடையில் வேலை. நட்சுகி பாட்டுப் படிக்க வந்தவள்.

தன் பெயரில் ஓர் அறை. அதைப் பூட்ட ஒரு திறப்பு. அந்த முதல் வாரம் முழுக்க அமலினி தேவையில்லாமல் கதவைப் பூட்டிப் பூட்டித் திறந்தாள்.

3

அவர்கள் மூவரும் பேசியது இத்தாலியம். மூன்று பேருடையதும் வெவ்வேறு விதமாகப் பிழைபட்ட இத்தாலியம். அதைத் தமிழில் எப்படி எழுதுவது? ஹருயேயை மன்னார்த் தமிழ் பேசவைத்தால் பொய். கொச்சைத் தமிழ் பேசவைத்தால் அவளை முட்டாளாக்கியதாகிவிடும். ஆகவே அவளுக்குச் சின்னச் சின்ன வசனங்களில் நல்ல தமிழ் கொடுத்திருக்கிறேன். அவளுக்குத் தெரிந்தால் கோபிக்க மாட்டாள் என்று நினைக்கிறேன்.

ஹருயேயின் குணத்திலும் நான் பிழைவிட்டேன். முதலில் எழுதியது இது: (ஹருயே குனிந்து வணங்கினாள். தேநீர் தந்து மீண்டும் குனிந்தாள்.)

"அவ ஏன் உங்கடை கதையிலை நெடுகக் குனியிறா? நாள் முழுக்கக் குனிஞ்சு தைக்கிறவ, அவவுக்கு முதுகுவலி. வீட்டிலை நேராத்தான் நிப்பா. ஊசி குத்தினால் சிசிலிக்காரர் மாதிரித் தூசணம் சொல்லுவா."

வணக்கங்களையெல்லாம் எடுத்துவிட்டேன். தூசணத்தை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.

4

சிக்கல் தண்ணீரில் தொடங்கியது.

அமலினி விடியமுன் எழும்பிக் குளிப்பவள். குளிக்காமல் அடுப்படிக்குப் போகாதே என்று வளர்க்கப்பட்டவள். சனிக்கிழமையென்றால் தலைக்கு எண்ணெய் வைத்து முழுக்கு. ஜப்பானியப் பெண்கள் இரவில், படுக்கப் போகுமுன் குளிப்பார்கள். காலையில் எழும்பி நேரே அடுப்படிக்குப் போய்ச் சோறு வைப்பார்கள். அமலினி அந்தச் சோற்றைத் தொடமாட்டாள். ஹருயே அவளுடைய தலையணையை ஒருமுறை பார்த்தாள். பஸ், ரயில், பிறருடைய நோய், எண்ணெய், எல்லாவற்றோடும் இவள் அப்படியே படுக்கிறாளே என்று அவளும் அருவருத்திருக்கவேண்டும். இருவரும் ஒருவரையொருவர் ஊத்தை என்று நினைத்தார்கள். இருவரும் நாளுக்கு ஒருமுறை தவறாமல் குளித்தார்கள்.*

* "அந்த வீட்டில் குளிக்காமல் இருந்தது நான் மட்டும்தான்" என்று நட்சுகி பின்னால் சொன்னாளாம். குளிர்காலத்தில், தொண்டைக்காக.

பிறகு ஒரு காலை. ஹருயே யன்னல் வெளிச்சத்தில் கண்ணாடியைச் சாத்திவைத்து, சின்ன றேசரால் கன்னத்தை, நெற்றியை, மேற்சொண்டை மெதுவாக வழித்துக்கொண்டிருந்தாள். அமலினி கையில் பற்தூரிகையோடு நின்றுவிட்டாள். அன்று மாலையே ஸ்ரெல்லாவுக்குப் போன் எடுத்தாள்.

"மச்சாள், இஞ்சை பொம்பிளை முகச்சவரம் செய்யிறா."

"உண்மையாவோ? நீ அவளின்ரை சவர்க்காரத்தைத் தொடாதை. ஒட்டும்."

எது ஒட்டும் என்று ஸ்ரெல்லா சொல்லவில்லை. அமலினி சிரித்தாள். ஆனால் போனை வைத்ததும் தன் மேற்சொண்டைத் தடவிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பூனைமீசை என்று பட்டப்பெயர். இருபது வருடத்துக்குப் பிறகும், யாராவது சற்று நேரம் முகத்தைப் பார்த்தால் அவள் கை தானாக வாய்க்குப் போகும். என்னோடு ரயிலில் கதைக்கும்போதும் போகும். இதை எழுதலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "ஓம், எழுதுங்கோ. அது இல்லாட்டிக் கதை விளங்காது," என்றாள்.

5

கிறிஸ்மஸ் வந்தது. அமலினி இருவருக்கும் நத்தார்ப் பரிசு கொடுத்தாள். நட்சுகிக்குக் கம்பளிக் கழுத்துத்துணி. ஹருயேக்குத் தமிழ்க் கடையில் வாங்கிய, இரண்டு கட்டி கொண்ட சந்தனச் சவர்க்காரப் பெட்டியும் வாசனைப் பவுடரும். ஹருயே இரண்டு கையாலும் வாங்கினாள். முகம் ஒருகணம் வெளிறிப் பிறகு சிரித்தது. அந்த ஒருகணத்தை அமலினி அப்போது பொருட்படுத்தவில்லை.

அதற்குப் பிறகு ஹருயே மாறினாள். மேசையில் பக்கத்தில் இருப்பவள் எதிர்ப்பக்கம் போனாள். பிறகு அறைக்குள் தட்டைக் கொண்டுபோய்ச் சாப்பிட்டாள். அமலினி சமைக்க வந்தால் ஹருயே எழும்பிப் போய்விடுவாள். என்னைக் கண்டால் இவளுக்கு அரியண்டம், அருவருப்பு என்று அமலினி முடிவுகட்டினாள்.

தை மாதம் ஹருயே ஊருக்குப் போய் வந்தாள். வரும்போது அமலினிக்கு ஒரு சின்னப் பூப்போட்ட பை கொண்டுவந்தாள். மிக அழகாகச் சுற்றியிருந்தது. அறைக்குள் போய்ப் பிரித்தாள். வெயிலுக்குப் பூசும் கிறீம். முகத்து எண்ணெயை ஒற்றியெடுக்கும் மெல்லிய தாள். மூன்று இளஞ்சிவப்பு றேசர்.

கறுப்பு. எண்ணெய் மூஞ்சி. மீசை. அழகான தாளில் சுற்றிய குற்றப்பத்திரிகை.

அவள் அழவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து சூட்கேசை இழுத்தாள். ஃபிரிட்ஜ் இரைச்சல் பரவாயில்லை, குசினிக்கே போகலாம் என்று நினைத்தாள். இழுத்த சூட்கேஸ் கொஞ்சநாள் திறந்தபடி கிடந்தது. அவள் அதற்குள் உடுப்பை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள்.

6

இந்த இடத்துக்கு நான் எழுதிய காட்சி: (ஹருயேயின் தலைமயிர் கொத்துக்கொத்தாகக் கொட்டியது. அமலினி அவளை முன்னால் இருத்தி, இளஞ்சூட்டில் நல்லெண்ணெய் தடவி, விரல்களால் மெல்ல)

"ஐயோ அக்கா. அவ எண்ணெய்ப் போத்தலுக்குக் கிட்டவும் வந்ததில்லை. இண்டைக்கும் அந்த மணம் அவவுக்குப் பிடிக்காது."

"வாசகருக்குப் பிடிக்கும்."

"வாசகருக்கே வைச்சு விடுங்கோ."

நடந்தது வேறு. ஞாயிறு பூசை முடிந்து அமலினி வீட்டுக்கு வந்தபோது, நட்சுகி குசினி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நீங்கள் போகிறீர்களா?"

"ஓம்."

"ஹருயேயும் போகிறேன் என்கிறாள். நான் இந்தச் சண்டையில் இல்லை. ஆனால் என் மூக்குக்கு ஓய்வு வேண்டும்."

"மூக்குக்கோ?"

"நத்தாரிலிருந்து ஒவ்வொரு காலையும் அவள் கழுத்தை நான் முகர்கிறேன். மணக்கிறதா, மணக்கிறதா என்று கேட்கிறாள். நீங்கள் சவர்க்காரம் கொடுத்தீர்களாம். பவுடரும் கொடுத்தீர்களாம்."

அமலினி கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். எங்களிடம் சவர்க்காரப் பெட்டி என்றால் நத்தார் பரிசு, பிறந்தநாள் பரிசு, பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போனால் கையில் கொண்டுபோவது. அதை யாரும் முகர்ந்து பார்த்து அர்த்தம் தேடுவதில்லை. ஹருயே தேடியிருக்கிறாள். ஒருத்தி தன் உடம்பு நாற்றத்தால் இன்னொருத்தியைத் தொந்தரவுபடுத்தினால் அவளுக்கு அதைவிட வெட்கம் இல்லை. அதனால்தான் எதிர்ப்பக்கம் இருந்தாள். அதனால்தான் எழும்பிப் போனாள். கடையில் மணப்பெண்களுக்கு அளவெடுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள், தன் மூச்சே மணக்குமோ என்று பயந்து.

அமலினி எழும்பிப் போய் ஹருயேயின் கதவைத் தட்டினாள். பூப்போட்ட பையை நீட்டினாள்.

"இதை ஏன் தந்தனீங்கள்?"

"எல்லாருக்கும் வாங்கினேன். தங்கைக்கும். நட்சுகிக்கும். எங்கள் ஊரில் மலிவு, இங்கே கிடைக்காது."

"என்ரை மீசையைப் பாத்து வாங்கேல்லையோ?"

ஹருயே விளங்காமல் நின்றாள். அமலினி விரலால் தன் மேற்சொண்டைக் காட்டினாள். வாழ்க்கையில் முதல்முறையாக, தானாக, ஒருவருக்கு அதைக் காட்டினாள். ஹருயே கிட்ட வந்து, தையல்காரி நூலைப் பார்ப்பதுபோல் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"எங்கே?" என்றாள். பிறகு, "ஓ. எனக்கும் உண்டு. நான் பார்த்தது உங்கள் காதுத் துளையைத்தான். குழந்தைக்குத் துளை போடுவார்களா? அழாதா? அதை நினைத்து எனக்குத் தூக்கம் வரவில்லை," என்றாள்.

"எனக்குக் காது குத்தினது நினைவே இல்லை. நீங்கள் மணக்கேல்லை ஹருயே. ஒருநாளும் இல்லை. நல்ல சவர்க்காரம் எண்டு தந்தனான்."

"இரண்டு கட்டியும் முடித்துவிட்டேன்," என்றாள் ஹருயே. "தோல் உரிகிறது."

முதலில் சிரித்தது நட்சுகி. அவள் பாட்டுக்காரி. கீழ் மாடிக்காரி கதவைத் திறந்து என்ன என்று கேட்டாளாம்.

7

ஒரு கட்டுரையாளர் இங்கே முடிவுரை எழுதுவார். எனக்கு அது வரவில்லை, ஏனென்றால் ஒருவரும் திருந்தவில்லை. ஹருயே இரவில்தான் குளிக்கிறாள். அமலினி விடியத்தான் குளிக்கிறாள். அவளுடைய எண்ணெய்ப் போத்தல் பல்கனியில் வசிக்கிறது. குளிக்காமல் வைத்த சோறு என்று தெரிந்தும் அவள் சாப்பிடுகிறாள். "ருசியாத்தான் இருக்கு, என்ன செய்யிறது," என்கிறாள். ரயிலில் பார்க்கும்போது அவள் முகம் இப்போது கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது. நன்றாக நித்திரை கொள்கிறவர்களின் முகம்.

8

சித்திரையில் ஸ்ரெல்லா ஒரு சம்பந்தம் கொண்டுவந்தாள். பெயர் வலன்ரைன். பொலோஞ்ஞாவில் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை, எங்கள் பக்கத்து ஆள்தான். தமக்கையோடு பலெர்மோ வந்து பார்ப்பதாகப் பேச்சு.

"இஞ்சை எங்கடை வீட்டிலை வைச்சுப் பாப்பம்," என்றாள் ஸ்ரெல்லா.

"இல்லை மச்சாள். நான் இருக்கிற இடத்திலை வந்து என்னைப் பாக்கட்டும்."

"ஜப்பான்காரருக்கு முன்னாலையோ?"

"அவை என்ரை வீட்டுக்காரர்."

ஸ்ரெல்லா வீட்டு விலாசத்தைக் கேட்டு எழுதிக்கொண்டாள். பிறகு, "சரி. ஆனா மேற்சொண்டுக்கு நூல் போட்டு மயிரை எடு," என்றாள். அது அன்போடு சொன்னதுதான். நான் ஸ்ரெல்லாவைக் கெட்டவளாக்க முயன்று எழுதிய இரண்டு பந்திகளை அமலினி முழுதாக வெட்டச் சொன்னாள். குசினிக்குள் கட்டில் போட இடம் தந்ததும் அவள்தானாம்.

அவர்கள் பார்க்க வந்த நாளைப் பற்றி எனக்கு ஒரே கேள்விதான் இருந்தது.

"வழிச்சனியோ, இல்லையோ?"

"அதை எழுதவேண்டாம்."

"வாசகர் கேப்பினம்."

"கேக்கட்டும். என்ரை சொண்டைப் பற்றி ஆக்கள் கதைச்சது காணும், இனிப் போதும்."

அவள் அதைச் சொன்னபோது கை மடியிலேயே இருந்தது.

9

என்னிடம் இரண்டு முடிவுகள் இருந்தன. ஒன்றில் வலன்ரைன் அவளைப் பார்த்த கணமே சரி என்கிறான். மற்றதில் தமக்கை முகத்தைச் சுளிக்க, இருவரும் தேநீர் குடிக்காமல் போகிறார்கள். வாசித்துக்காட்டினேன்.

"இரண்டும் அவையின்ரை முடிவு அக்கா. என்ரை முடிவு எங்கை?"

நியாயம். இரண்டையும் கிழித்தேன். அவள் எழுத அனுமதித்த கடைசிக் காட்சி இதுதான்.

லிஃப்ட் பழுது. தமக்கை இரண்டாம் மாடியில் மூச்சுவாங்க நின்றுவிட்டாள். வலன்ரைன் மட்டும் மேலே வந்து சேர்ந்தான். போட்டிருந்த புதுச் சேட்டு வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. வாசலில் மூன்று பெண்கள். அவன் வணக்கம் சொன்னான், ஆனால் உள்ளே வரவில்லை. வாசற்படிக்கு அப்பால், இன்னும் ஓரடி பின்னால் போய் நின்றான்.

"வாங்கோவன்," என்றாள் அமலினி.

"குறை நினைக்காதேங்கோ." அவன் நிலத்தைப் பார்த்தான். "ரயிலாலை இறங்கி நடந்தே வந்திட்டன். வேர்வை. முதல்லை ஒருக்கா மேல் கழுவலாமோ? பிறகு கதைப்பம்."

பெண் பார்க்க வந்தவன் இப்படிக் கேட்டதை எங்கள் ஆட்களிடையே நான் கேள்விப்பட்டதில்லை. அமலினி இத்தாலியத்தில் அதை மற்ற இருவருக்கும் சொன்னாள். ஹருயே போய்ச் சுடுதண்ணீர்ப் பொய்லரைப் போட்டாள். நட்சுகி குளியலறைக் கதவைத் திறந்துவிட்டாள்.

உள்ளே தண்ணீர் விழும் சத்தம். படியில் தமக்கையின் செருப்புச் சத்தம், இன்னும் ஒரு மாடி கீழே. குளியலறைக்கு வெளியே, மடித்த துவாயோடு அமலினி நிற்கிறாள். அவனுக்குத் துவாய் கொடுக்க மறந்துவிட்டார்கள். அவன் உள்ளேயிருந்து தயங்கித் தயங்கி, யாராவது இருக்கிறார்களா என்று கேட்கிறான்.

அவள் என்ன பதில் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். உங்களிடம் அவள் வாக்கு ஒன்றும் வாங்கவில்லை. நீங்கள் சொல்லலாம்.