கோணல் வாய்ப் பாட்டு

…இல்லை, இது வசந்தனின் குரலே இல்லை, அல்லது இதுதான் பழைய வசந்தனின் குரல், ஓப்பநாயக்கத் தேர்த் திருவிழா மேடையில் பாடிக்கொண்டிருந்தபோதே பக்கவாதம் வந்து விழுந்தானே, அதற்கு முன்பிருந்த குரல், ரெக்கார்டிங் ஸ்டூடியோ ஸியாம் கம்ப்யூட்டரில் எதையெதையோ தட்டி அதைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டான். "அண்ணே, கேளுங்க, ஒங்களுக்கு வாத வருத்தம் வந்திச்சுன்னு இப்ப ஒருத்தருக்கும் தெரியாது," என்கிறான். தெரியக் கூடாது என்று சொன்னதும் வசந்தன்தானே… நோயிலிருந்து மீண்டதைப் பற்றி ஓர் ஆல்பம், அதில் நோயின் சத்தம் மட்டும் இருக்கக் கூடாது, என்ன நியாயமோ. கோணிய உதட்டில் நிற்காமல் காற்றாக ஒழுகிய எழுத்தெல்லாம் இப்போது சுத்தம், சந்தோஷப்பட வேண்டியதுதான், பிறகு ஏன் நேற்று மகளை அறைந்த சத்தமே காதில் கேட்டுக்கொண்டிருக்கிறது? மூன்று வயதுப் பிள்ளையை அப்படியா அடிப்பது… அவள் ஏன் பழிப்புக் காட்டினாள், அதுவும் பழைய பேண்ட் கூட்டாளிகள் வீட்டுக்கு வந்திருக்கும்போது, வாயை இடப்பக்கம் இழுத்து, ஒரு பாதி உதட்டை மூடிக்கொண்டு, அவன் பாடுவது போலவே, எல்லோரும் சிரித்தார்கள், சட்டென்று நிறுத்தினார்கள், சிரிப்புக்கூட இல்லை, அந்த நிறுத்தம்தான் சுட்டது. கை தானாகப் போய்விட்டது. நல்ல கை, நோய் தொடாத கை. மனைவி விஜயகலா மகளைத் தூக்கிக்கொண்டு, "புள்ள என்னாங்க செஞ்சிச்சு?" என்று மட்டும் கேட்டாள். பெற்ற அப்பனைப் பழித்தது, வேறென்ன.

"அண்ணே, இதையும் கேளுங்க, விஜயகலா அக்கா போன்ல இருந்து அனுப்புனது, பாட்டுக்கு முன்னால போட்டா நல்லாருக்கும்," ஸியாம் வேறெதையோ ஓட விடுகிறான்… லயத்து வீட்டுத் தகரக் கூரையில் மழை, 'பப்பாளி மரத்துப் பச்சைக்கிளி' என்று ஒரு பாட்டு, அவன் குரல்தான், படுக்கையில் கிடந்தபோது பாடியது, 'ப' வருகிற சொல்லாகப் பார்த்துச் சொல்லிப் பழகுங்கள் என்று பேச்சுப் பயிற்சி கொடுத்த ஆஸ்பத்திரி மிஸ் சொன்னதால் கட்டிய பாட்டு, ஆல்பத்தில் அதைத்தான் முதலில் வைத்திருக்கிறான்… குழறிக் குழறிப் போகிறது, பின்னாலேயே இன்னொரு குரல், குஞ்சுக் குரல், அதே இடத்தில் அதே குழறல். அவன் விழுந்தபோது மகள் தக்‌ஷிகாவுக்குப் பேச்சு வந்திருக்கவில்லை. விஜயகலா விடிய வேலைக்குப் பேர் கொடுக்கப் பிரட்டுக் களத்துக்குப் போனால் தேயிலைக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு இருட்டத்தான் வருவாள், அப்பன்தான் வீட்டில் கிடக்கிறானே என்று தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவுக்கும் அனுப்பவில்லை, நாள் முழுக்க அவன் நெஞ்சில் கிடந்து அவன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தாயைப் போல பிள்ளை என்பார்கள், இவளுக்குப் பார்க்கக் கிடைத்தது அப்பனின் வாய் மட்டும்தானே… ஐயோ, அவள் பழிக்கவில்லை. அவளுக்கு அந்தப் பாட்டே அப்படித்தான். பாடுவதென்றால் வாயை அப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று கற்றுக்கொடுத்தவன் இவன், கற்றுக்கொடுத்துவிட்டு, கூட்டாளிகளுக்கு முன்னால் ஆசையாகப் பாடிக் காட்டியதற்கு அறைந்தும்விட்டு…

"எத வைக்கிறதுண்ணே, சரியாக்குனதையா, கொழறுன பழசையா?" ஸியாம் கேட்டுக்கொண்டே இருக்கிறான். பழசை வை என்று சொல்லிவிடலாம், ஆல்பத்தில் எதையும் மாற்றிவிடலாம், அதுவா பெரிய காரியம்… காலையில் பெல்மதுளை பஸ்ஸுக்கு இறங்கும்போது அவள் வாசலில் நின்று, "போய்ட்டு வாங்கப்பா," என்றாள், உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு. கொட்டாவி விடுகிறாள் என்று அப்போது நினைத்துப் படியிறங்கி வந்துவிட்டான்.