ஐந்தாவது மேசையின் கை

ட்ர்ர்ரிங்! மணி அலறியதும் மாணவர்கள் அடுத்தடுத்த மேசைக்குத் தாவினார்கள். உடற்கூறு செய்முறைத் தேர்வு. ஒவ்வொரு மேசையிலும் பிணத்திலிருந்து எடுத்த ஓர் உறுப்பு. குண்டூசி குத்தியிருக்கும் இடத்தின் பெயரை எழுதிவிட்டு நகர வேண்டும்.

'பிளேடு' என்று மாணவர்களிடம் பெயர் வாங்கிய பேராசிரியர், கட்டுப்போட்ட வலது கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்தபடி உலாவினார். பால் டின்னைத் திறக்கப்போய் விரலின் தசைநாண் அறுந்திருந்தது. நாளை ஆபரேஷன். இடது மணிக்கட்டை மடக்கும் பால்மாரிஸ் தசையின் நாணை உருவி, விரலில் வைத்துத் தைப்பார்கள். தைக்கப்போகிறவர் அவருடைய பழைய மாணவர். "நான் வளர்த்த பையன்!" என்று காலையிலிருந்து ஒரே பீற்றல்.

தேர்வு முடிந்து விடைத்தாள்களைப் புரட்டினார். ஐந்தாவது மேசைக்கு எல்லோரும் 'பால்மாரிஸ்' என்றே எழுதியிருந்தார்கள். பழைய கை நைந்துவிட்டதால் இன்றுதான் அங்கே வேறு கை வைத்திருந்தார்.

வாசலில் அகப்பட்ட மாணவியை ஐந்தாவது மேசைக்கு அழைத்தார்.

"ஏம்மா, இதுல பால்மாரிஸ் எங்க இருக்கு?"

"நடுவுல சார்."

"இந்தக் கைக்கு அது கிடையவே கிடையாது! சில பேருக்குப் பொறவியிலயே இருக்காது. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை மடக்கினா, நடுவுல கயிறு மாதிரி எழும்பணும். எழும்பலைன்னா அங்க இருக்கிறது மீடியன் நரம்பு. நாண்னு நெனச்சு அதை உருவினா கை அம்போ!"

சொல்லிக்கொண்டே தன் இடது கையை மடக்கிக் காட்டினார். ஒன்றும் எழும்பவில்லை. தேய்த்துவிட்டு மறுபடி மடக்கினார். ம்ஹும். இத்தனை வருடமும் மாணவர்கள் கையைப் பிடித்தே பாடம் நடத்தியவர்; சொந்தக் கையைச் சோதித்ததில்லை.

நாளை நாணை உருவப்போவது இந்தக் கையிலிருந்துதான். பரவாயில்லை, பையன் கெட்டிக்காரன், பார்த்துத்தான் கத்தி வைப்பான்.

"அது சரி, கையைப் பார்க்காமயேவா எழுதினீங்க?"

"எதுக்கு சார் பார்க்கணும்? அஞ்சாவது மேசையில நீங்க வேற எதையும் வெச்சதே இல்லையே. சீனியருங்க வழிவழியா சொல்லிக் குடுக்கறதுதான்."

"எந்த மகராசன் ஆரம்பிச்சு வெச்சான்?"

மாணவி அவருடைய விரலில் இருந்த கட்டைப் பார்த்துத் தயங்கினாள்.

"நாளைக்கு உங்களுக்கு ஆபரேஷன் பண்ணப்போறாரே... அவருதான் சார்."