ஈஸ்வர் வாங்கிய லைசென்ஸ்

நாங்கள் பைக் ரேஸ் ஸ்கூலுக்குப் போகக் கோயம்புத்தூர் பஸ் ஏறிய அன்றைக்கே போடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். கல்யாணம் ஆவதற்கு முன்பே பிள்ளைக்குப் பேர் வைக்கிறதில் எங்கள் ஊரை மிஞ்ச ஆள் கிடையாது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் வீட்டுக்காரர் ஈஸ்வர் நின்றார். கீழே, 'ரேஸ் லைசென்ஸ் பெற்ற போடியின் முதல் சிங்கமே, வருக!' அதற்கும் கீழே, வைத்தவர்கள் இருபத்திமூன்று பேரின் சின்னச் சின்ன முகங்கள். இன்னும் வகுப்பே தொடங்கவில்லை.

அந்தப் பயிற்சிக்கு நான் போவதாகவே இல்லை. ஈஸ்வரும் அவருடைய கூட்டாளி முத்துக்கண்ணனும்தான் பேர் கொடுத்திருந்தார்கள். ஈஸ்வருக்கு பைக் ஒர்க்‌ஷாப். முத்துக்கண்ணன் அங்கேயே கிடக்கிற ஆள். கிளம்ப இரண்டு நாள் இருக்கையில் முத்துக்கண்ணனுக்கு அம்மை போட்டுவிட்டது. வேப்பிலையில் படுத்துக்கொண்டார்.

"கட்டுன காசத் திருப்பித் தரமாட்டாங்களாம். ஒம் பேர மாத்திக் குடுத்துட்டேன். நீ சும்மா வந்து உக்காரு. துண்டு, தண்ணி பாட்டிலு எடுத்துக் குடுக்க ஆளு வேணும்ல" என்றார் ஈஸ்வர்.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். ஆறு வருஷமாகத் தினமும் போடிமெட்டு மலை ஏறி இறங்குகிறேன். மேலே ஏலக்காய்த் தோட்ட ஆபீசில் ஆட்களுக்கு வருகை எழுதுகிற வேலை. ஜீப்பில் பதினைந்து பேரோடு நசுங்க முடியாமல், ஈஸ்வர் கழித்துப் போட்ட பழைய வண்டியை எடுத்துக்கொண்டேன். மழைக்காலத்தில் அந்த வளைவுகளில் எதிரே வருவது லாரியா, மூடுபனியா என்று தெரியாது. ஈஸ்வரும் அதே ரோட்டில்தான் ஓட்டுவார், ஞாயிற்றுக்கிழமைகளில், வீடியோ எடுக்க ஓர் ஆளை வைத்துக்கொண்டு.

ஸ்கூலில் பிரதீப் என்பவர்தான் மாஸ்டர். பழைய ரேஸ்காரர், ஒரு கால் லேசாக இழுக்கும். முதல் நாள் காலை முழுக்கப் பாடம். மஞ்சள் கொடி ஆட்டினால் முன்னால் யாரோ விழுந்து கிடக்கிறார்கள், வேகத்தைக் குறைக்க வேண்டும், யாரையும் முந்தவே கூடாது. இதை மட்டும் நாலு தடவை சொன்னார். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். ஈஸ்வர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஃபிளெக்ஸ் படத்துக்கு எத்தனை லைக் வந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் டிராக்கில் இறக்கினார்கள். இருந்ததிலேயே சின்ன அளவுத் தோல் உடுப்பும் எனக்குத் தொளதொளவென்று தொங்கியது. யாரோ சிரித்தார்கள். ஆனால் இரண்டாவது சுற்றில் எனக்கு என்னமோ ஆகிவிட்டது. எதிரே லாரி வராது. மாடு வராது. எனக்கு எதிரே ஒன்றுமே வராத ரோடு ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் தெரியும். ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டுச் சிரித்தேன். கல்யாணத்தன்றுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை. ஒரே ஒரு ரேஸ் ஓட வேண்டும், கடைசியாக வந்தாலும் சரி என்று அப்போதே மனசில் விழுந்துவிட்டது.

"இவங்க வளைவுல எப்படித் திரும்புறாங்கன்னு எல்லாரும் கவனிங்க" என்று பிரதீப் சார் சொன்னார். ஈஸ்வரின் முகம் சுண்டிப்போனது. துண்டு எடுத்துத் தரட்டுமா என்று கேட்டேன்.

இரண்டாம் நாள் தேர்வு. பத்துப் பேர் சேர்ந்து ஓட்ட வேண்டும், ஜெயிக்க வேண்டியதில்லை, ஒழுங்காக ஓட்டினால் போதும். நான் முன்னால், ஈஸ்வர் எனக்குப் பின்னால். ஆறாவது சுற்றில் ஒருத்தர் வழுக்கி மண்ணில் கிடந்தார். மஞ்சள் கொடி ஆடியது. நான் குறைத்தேன். ஈஸ்வர் என்னை உரசுகிற மாதிரி முந்திக்கொண்டு போனார். போகும்போது தலையைத் திருப்பி என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், அதை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். கொடி அவர் கண்ணில் படாமல் இல்லை. பெண்டாட்டி முதுகைப் பார்த்துக்கொண்டு ஓட்ட அவரால் முடியவில்லை.

சாயங்காலம் பேர் வாசித்தார்கள். அனுசியா, என் பேர்தான், தேர்ச்சி. ஈஸ்வரைத் தனியாகக் கூப்பிட்டு, "வேகம் இருக்கு தம்பி. கொடிய மதிக்கிற புத்தி வரட்டும். அடுத்த வருஷம் வாங்க" என்றார் பிரதீப் சார்.

வத்தலக்குண்டில் பஸ் நின்ற டீக்கடையில் ஈஸ்வர் பேச்செடுத்தார்.

"ஊர்ல ஒண்ணுஞ் சொல்லாத. அடுத்த தடவ நான் வாங்கிருவேன். அதுக்குள்ள எதுக்கு நாலு பேரு வாய்ல விழணும்?"

"சரிங்க. ஆனா நவம்பர்ல புதுசா லைசென்சு வாங்குனவங்களுக்கு ஒரு ரேசு இருக்காம். நான் அதுக்குப் போகணும்."

"போ போ. யாரு வேணாம்னது?"

நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். போடி பஸ் ஸ்டாண்டில் வேட்டுப் போட்டார்கள், மாலை போட்டார்கள். அவர் கழுத்தை நீட்டினார். நான் இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றேன். என் மாமியார் செல்லத்தாய் அத்தை மகனுக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டார்.

மூன்று வாரத்தில் லைசென்ஸ் அட்டை வந்தது. என் பேர், என் படம், இந்த வருஷம் டிசம்பர் முடிகிறவரை செல்லும் என்று ஒரு வரி. பீரோவில் சேலைக்கு அடியில் வைத்தேன். வேலைக்குக் கிளம்புமுன் தினமும் ஒரு தடவை எடுத்துப் பார்ப்பேன். அந்த அட்டையைக் கையில் காட்டினால்தான் ரேஸில் வண்டி ஏற விடுவார்கள்.

இதற்குள் டீக்கடையில் ஈஸ்வருக்கு நெருக்கடி முற்றிவிட்டது. "எப்ப மாப்ளே ரேசு? வேன் பிடிச்சு வர்றோம்" என்று முத்துக்கண்ணன் தினமும் கேட்டார். அக்டோபர் கடைசி ஞாயிறு பாராட்டு விழா என்று மண்டபம் வேறு பிடித்துவிட்டார். அன்று காலை பீரோவைத் திறந்தேன். சேலைகள் இருந்தன. அட்டை இல்லை. ஈஸ்வர் எப்போதோ மண்டபத்துக்குப் போயிருந்தார்.

நான் போகும்போது மேடையில் அவருக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் அத்தைக்குப் பக்கத்தில் என்னை உட்காரவைத்தார்கள். ஈஸ்வர் மைக்கைப் பிடித்தார். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து உயர்த்திக் காட்டினார். கட்டைவிரல் என் படத்தின் மேல் அழுந்தியிருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"ஆனா ஒண்ணு சொல்லணும்" என்றார். "நான் ரேசுக்குப் போறதில்லன்னு முடிவெடுத்துட்டேன். எஞ் சம்சாரத்துக்குப் பயம். சோறு தண்ணி எறங்காம அழுகுது. நீங்க இல்லாட்டி நான் இல்லன்னு கால்ல விழுந்துருச்சு. குடும்பம்னு வந்தா விட்டுக்குடுத்துத்தான ஆகணும்."

மண்டபமே உச்சுக் கொட்டியது. குதிரை கீழே தள்ளினதும் இல்லாமல் குழியும் பறித்ததாம்.

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. "ஏத்தா, அவன் ஆசப்பட்டது இது ஒண்ணுதான். அதையும் நீ மறிச்சா எப்படி? கொஞ்சம் தைரியமா இரு தாயி."

எழுந்து நின்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"அத்த, லைசென்சு வாங்குனது நானு. ஒங்க மகன் ஃபெயிலு. அந்த அட்டைய வாங்கிப் பாருங்க, எம் மூஞ்சிதான் இருக்கு."

முத்துக்கண்ணன் சட்டென்று மைக்கைப் பிடுங்கினார். "பாத்தீங்களா தங்கச்சி குசும்ப!" என்றார். சிரிப்பு வெடித்தது. அத்தைகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஈஸ்வர் அட்டையைப் பையில் போட்டு, பொன்னாடையை அதன் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அட்டையைக் கேட்டேன். கையை நீட்டினேன். அவர் பொன்னாடையை மடித்துக்கொண்டே, கோபமில்லாமல், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்.

"ஒனக்குப் பயம்னு ஊருக்கே சொல்லியாச்சு. இனிமே நீ போயி ஓடுனா நல்லாவா இருக்கும்?"