பதினொன்றாம் நம்பர் ஷூ

எண்ணூரில் ஒரு தொழிற்சாலைக்குள் குழாய் பொருத்தும் ஒப்பந்த வேலை நீலமேகத்துக்கு. அந்த வருஷ மருத்துவச் சோதனையில் ரத்தக் கொதிப்பு என்று தெரிந்தது. அது இறங்கினால்தான் கேட் பாஸ் என்றார்கள். அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை ஒழுங்காக விழுங்கினார். கொதிப்பு இறங்கியது, பாஸும் கிடைத்தது.

அதன் பிறகுதான் கால் வீங்கத் தொடங்கியது. சாயங்காலம் வீடு திரும்பும்போது கணுக்கால் இருக்குமிடமே தெரியாது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். காலையில் கொஞ்சம் வடிந்தாலும் கம்பெனி கொடுத்த ஷூவுக்குள் கால் நுழையவில்லை. ஷூ இல்லாமல் கேட்டைத் தாண்ட முடியாது.

"டாக்டராண்ட போய் காட்டேன்யா," என்றாள் மனைவி எழில்மொழி.

"காட்டுனா வேற இன்னா வியாதினு எழுதுவாங்களோ. பாஸைப் புடுங்கிக்கினா இன்னா பண்றது?"

மாத்திரையை நிறுத்தவும் பயம். நிறுத்தினால் அடுத்த சோதனையில் மாட்டிக்கொள்வார். வழி சொன்னது பிலால்தான். பல வருஷமாக ஜோடி சேர்ந்து வேலை பார்க்கிறவர், ஆள் ஆஜானுபாகு.

"என் பழைய ஷூ கீது மாமு, பதினொன்னு சைஸு. துணி சுத்திப் போட்டுக்கோ. எவன் பாக்கப் போறான்?"

யாரும் பார்க்கவில்லை. மழைக்காலம் முழுக்க அப்படியே ஓடியது. பகல் ஏற ஏறக் கால் வீங்கி ஷூவை நிரப்பிவிடும். காலையில்தான் தொல்லை, குதிகால் உள்ளே நழுவிக்கொண்டே இருக்கும்.

அன்றும் காலை வேளைதான். இரும்புப் படிக்கட்டில் இருவரும் ஒரு குழாயைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிலால் முன்னால், நீலமேகம் பின்னால். பாதிப் படியில் நீலமேகத்தின் குதிகால் ஷூவைவிட்டு வெளியே வந்தது. தடுமாறினார். குழாய் தோளிலிருந்து சரிந்தது. பிலாலின் வலது கை குழாய்க்கும் கைப்பிடிக் கம்பிக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. பிலால் போட்ட சத்தத்தில் கீழே நின்றவர்களெல்லாம் ஓடி வந்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டியில், ரத்தம் ஊறிய துணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பிலால் முனகினார். "ஷூ விஷயம் வெளிய வந்தா ரெண்டு பேரு வேலையும் காலி மாமு. என் கை வழுக்கிச்சுனு சொல்லிர்றேன். நீ வாயைத் தொறக்காத."

நீலமேகம் வாயைத் திறக்கவில்லை. பிலாலுக்கு இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. பிலாலின் அஜாக்கிரதையால் வந்த காயம் என்று எழுதி, ஒப்பந்தக்காரர் அவரை வேலையைவிட்டு நிறுத்தினார்.

அந்த வாரமே எழில்மொழி கணவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா கால்களை அழுத்திப் பார்த்துவிட்டு, வேறு சோதனைகளும் செய்தார்.

"பயப்படாதீங்க. இந்த மாத்திரை சிலருக்குக் கால்ல வீக்கம் குடுக்கும். வேற மாத்தித் தரேன். ஏன் முன்னாடியே வந்து சொல்லல?"

நீலமேகம் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார். புது மாத்திரையில் வீக்கம் மெல்ல மெல்ல வடிந்தது.

கால் தேறிய பிறகு தண்டையார்பேட்டைக்குப் போய் பிலாலைப் பார்த்தார். பிலால் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி நவ்ரீன் டீயை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"அண்ணே, நீங்க கூடத்தான இருந்தீங்க? இவரு கை வழுக்கிச்சுங்கறாரு. இத்தனை வருசத்துல ஒரு ஸ்பேனரைக் கூடக் கீழ வுட்டது கெடையாது. மெய்யாலுமே இவரு தப்புதானா?"

பிலால் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நீலமேகம் அவரையே பார்த்தார். ஒரு வார்த்தை சொல்வார், இல்லையென்றால் தலையையாவது அசைப்பார் என்று காத்திருந்தார். பிலால் அசையவில்லை.

"ஆமாம்மா," என்றார் நீலமேகம்.

நவ்ரீன் கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. பிலால் இடது கையால் ரிமோட்டைத் தேடி எடுத்து டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

நீலமேகம் டீயைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டார். அப்புறம் அந்த வீட்டுப் பக்கம் அவர் போகவே இல்லை.