கைப்பேசி கேட்ட ஐந்தாம் கேள்வி

பெயரைக் கேட்டது, கொடுத்தாள். அடையாள அட்டை எண்ணைக் கேட்டது, கொடுத்தாள். எந்த ஊர் என்றது, எந்தக் கிணற்றில் மாடு தண்ணீர் குடிக்கிறது என்றது. அதுவரைக்கும் நசியேகு பொறுத்துக்கொண்டாள். ஐந்தாவதாக, "உங்களிடம் எத்தனை மாடுகள் உள்ளன?" என்று கைப்பேசி கேட்டதும், சுடுசட்டியைத் தொட்டவள் போல அதைத் தரையில் போட்டுவிட்டாள்.

"என்னடி, கடிச்சிடுச்சா?" என்றாள் பக்கத்து வீட்டு நோல்டிபா.

"மாட்டை எண்ணிச் சொல்லணுமாம்."

"அடப் பாவிகளா! யாரு கேக்குறது?"

"கவர்மெண்டு."

"ஏன், கவர்மெண்டுக்கு ஆத்தா அப்பன் கிடையாதா? எதைக் கேக்கணும், எதைக் கேக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லிக் குடுக்கலையா?"

மாடு மேய்த்துப் பிழைக்கும் சம்புரு குலத்தில் பிறந்த எவரும் மாட்டை எண்ண மாட்டார்கள், பெற்ற பிள்ளைகளையும் எண்ண மாட்டார்கள். எண்ணிய வாய் மூடுமுன் ஒன்று குறைந்துபோகும். சாயங்காலம் பட்டி வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தால் எவள் வரவில்லை என்று நசியேகுவுக்குத் தெரியும். அதற்கு எண் எதற்கு?

ஆனால் இரண்டு பருவமாக மழை இல்லை. கைப்பேசியில் பதிந்தால் மாடு ஒன்றுக்கு ஒரு புல்கட்டு லாரியில் வரும் என்று அறிவித்திருந்தார்கள். புருஷன் போனபின் அவளுக்கு இருப்பதெல்லாம் அந்த மாடுகள்தாம். அவை போனால் அவள் கதி அதோகதி.

"எனக்கு நல்லதாப் படலை. இன்னிக்கு எண்ணுவான், நாளைக்கு உன்கிட்ட ஜாஸ்தியா இருக்கு, வித்துடுன்னு வருவான்" என்றாள் நோல்டிபா. "இல்லேன்னா இந்தக் கணக்கு மாட்டுத் திருடன் கைக்குப் போகும். பரிசு விழுந்திருக்குன்னு போன்ல பேசி என்னை மொட்டை அடிச்சானே ஒருத்தன், அவனும் இப்படித்தான் மரியாதையா ஆரம்பிச்சான்."

இவர்கள் பேசி முடிப்பதற்குள் திரை தானாக அணைந்துவிட்டது. நாலு பேரைக் கலந்துகொள்ளக்கூடப் பொழுது தராத சனியன்! மறுபடி முதலிலிருந்து பெயர், அட்டை, ஊர், கிணறு. மூன்றாம் தடவை அணைந்தபோது நசியேகுவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த ஆத்திரத்தில் ஒரு யோசனையும் வந்தது.

"ஒண்ணுன்னு போட்டுடறேன். பொய் சொன்னா எண்ணினதாகுமா?"

"அடி கெட்டிக்காரி!" என்று நோல்டிபா தொடையைத் தட்டினாள். கணக்கும் வெளியே போகாது, பேரும் பதிந்துவிடும். அன்று பொழுது சாய்வதற்குள் யோசனை வீடு வீடாகப் போய், ஊரே ஒற்றை மாட்டுக்கார ஊர் ஆகிவிட்டது.

லாரி வரவில்லை. பத்து நாள் கழித்து மாட்டு ஆபீசர் நமேயான்தான் மோட்டார் சைக்கிளில் வந்தாள். அவளும் சம்புருக்காரிதான், ஆனால் டவுனில் வளர்ந்தவள். வரும் வழியில் மேய்ந்த மாடுகளைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"நாப்பது வீட்டுக்கு நாப்பது மாடா? இங்க மாடெல்லாம் செத்துப்போச்சு, இனிமே புல்லு எதுக்குன்னு லாரியை வேற ஊருக்குத் திருப்பிட்டாங்கம்மா!"

எல்லாத் தலைகளும் நசியேகு பக்கம் திரும்பின. கெட்டிக்காரி என்ற நோல்டிபாவே முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எல்லாம் இவ குடுத்த புத்தி" என்றார் ஒரு பெரியவர். நசியேகுவுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் திருத்தலாம்" என்றாள் நமேயான். யாரும் அசையவில்லை. நசியேகு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இவ்வளவு அக்கறை இவளுக்கு எதற்கு?

"ஏம்மா, உங்கப்பா எத்தனை மாடு வெச்சிருக்காரு?"

நமேயான் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"சொல்ல மாட்டேல்ல? அப்புறம் என்னை மட்டும் ஏன் கேக்குறே?"

"நான் கேக்கலைம்மா." அவள் முகம் சிவந்துவிட்டது. "பாலைப் பாக்கெட்டுல மட்டும் பாத்தவங்க எழுதின கேள்வி இது. இப்படிக் கேக்காதீங்கன்னு நானும் சொல்லிப் பாத்தேன். எவனும் காதுல போட்டுக்கலை. இப்போ புல்லு வேணும்னா வேற வழி இல்லை, அவ்வளவுதான்."

நசியேகு நம்பினாள் என்று சொல்ல முடியாது. ஆனால் அப்பன் மாட்டை எண்ணிச் சொல்லாத பெண் முழுசாகக் கெட்டவளாக இருக்க மாட்டாள் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பட்டிக்குள் தனியாகப் போனாள். ஒவ்வொருத்தியின் முதுகையும் தொட்டாள், தொட்டதற்கு ஒரு விரலை மடக்கினாள். மன்னிச்சிடுங்கடி என்று வாய்விட்டே சொன்னாள். பிறகு கைப்பேசியில் உள்ளபடி அழுத்தினாள். எத்தனை என்று நானும் சொல்ல மாட்டேன்.

அவள் அழுத்தியதைக் கேட்டு, திட்டிக்கொண்டே ஊரும் அழுத்தியது. செவ்வாய்க்கிழமை லாரி வரும் என்று எல்லோருக்கும் பதில் வந்தது.

திங்கட்கிழமை காலையில் நசியேகுவின் கறுப்புப் பசு எழுந்திருக்கவில்லை. விலா எலும்பு துருத்திக்கொண்டு, கண் திறந்தபடி கிடந்தது.

"நான் சொன்னேன்ல?" என்றாள் நோல்டிபா. "எண்ணினே, போச்சு." திட்டத்தான் வந்தாள். பசுவைப் பார்த்ததும் உட்கார்ந்து அவளும் அழுதாள்.

மறுநாள் லாரி வந்தே விட்டது. கைப்பேசியில் போட்ட எண்ணும் பட்டியில் நிற்கும் மாடும் ஒத்துப்போனால்தான் கட்டு இறக்குவார்களாம். நமேயான் வந்து நின்றாள். நசியேகுவின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மாடு செத்துப்போயிருந்தா இப்பவும் ஒரு தடவை மாத்திக்கலாம்மா. நீங்களே அழுத்துங்க."

பெயர், அட்டை, ஊர், கிணறு. இந்தத் தடவை திரை அணையவில்லை, அவள் கை அத்தனை பழகிவிட்டிருந்தது. ஒன்று குறைத்து அழுத்தினாள். "நன்றி. உங்கள் விவரம் சரியாக உள்ளது" என்றது கைப்பேசி.

ஆட்கள் கட்டுகளை இறக்கத் தொடங்கினார்கள். நமேயான் மெதுவாக அவள் தோளைத் தொட்டாள். "பசியிலதாம்மா செத்தது. நீங்க எண்ணினதால இல்லை. மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

"பசின்னா, முதல் நாளே உண்மையான எண்ணைப் போட்டிருக்கணும், புல்லு வந்திருக்கும்" என்றாள் நசியேகு. "எண்ணினதாலன்னா, எண்ணியிருக்கவே கூடாது. எப்படிப் பாத்தாலும் நான்தானேம்மா கொன்னேன்?"