மருந்து ஊறிய கூடைகள்

பொழுது புலர்வதற்குள் அகத்தா பன்னிரண்டு பழைய கூடைகளைப் பிரித்துப் போட்டிருந்தாள். சுங்கை லாலாங் ஊரில், கென்னத் முதலாளியின் கூடைக் கொட்டகையில் மூங்கில் வீணாவதில்லை. சந்தையிலிருந்து உடைந்து வரும் கூடைகளைப் பிரித்து, உறுதியான பத்தைகளை ஊறவைத்துப் புதுக் கூடையில் பின்னுவார்கள். குட்டைத் துண்டுகள் கோழிக்கூட்டுக்கு, சீவல் அடுப்புக்கு. எட்டுப் பெண்களின் விரல்களில் நடந்த வேலை அது. பெருமை மட்டும் முதலாளிக்கு.

அந்த வாரம் வந்தவை தோட்டத்தில் களைக்கொல்லி மருந்துத் தகர டப்பாக்களைச் சுமந்த கூடைகள். தொட்டியில் போட்டதும் தண்ணீர் நுரைத்தது. நெடி மூக்கை எரித்தது. மூன்றாம் நாளான அன்று அகத்தாவின் உள்ளங்கைகளில் கொப்புளங்கள் உடைந்து, கத்தியின் பிடி நனைந்தது. பக்கத்திலிருந்த பாப்பம்மா கத்தியைப் பிடுங்கி வைத்துவிட்டு முதலாளியைக் கூப்பிட்டாள்.

"இந்தக் கூடை வேணாம் மொதலாளி. மருந்து ஊறிப்போயிருக்கு."

"கழுவுனா போயிரும்லா. இத்தன வருசமா செய்றதுதானே?"

"கழுவித்தான் இவ கை வெந்துருக்கு."

"எண்ணெய் தடவச் சொல்லு. நாளைக்குப் பசாருக்குக் கூடை போகணும்."

அகத்தா கைகளை நீட்டினாள். "இதுல கீரை வைப்பாங்க மொதலாளி. அதைத்தானே எல்லாரும் வாங்கித் திங்கணும்?"

"ஊரைப் பத்தி உனக்கென்ன? கை முடியலன்னா ரூமைக் காலி பண்ணு. அது வேலை செய்றவங்களுக்கு."

கொட்டகைக்குப் பின்னாலிருந்த அந்த அறையில்தான் அவள் தாயும் படுத்திருந்தாள். அகத்தா ஒருகணம் கத்தியை எடுக்கவே குனிந்தாள். அதற்குள் பாப்பம்மா தன் கத்தியையும் கீழே வைத்தாள். பிறகு காளியம்மா. பிறகு மற்றவர்கள்.

"அவ போனா நாங்க எல்லாரும் போறோம்," என்றாள் பாப்பம்மா. "நல்ல கூடை கொண்டாங்க, இன்னிக்கே பின்றோம். இதத் தொட மாட்டோம்."

கென்னத், கூடை ஏற்ற வாசலில் காத்திருந்த லாரிக்காரர் அன்சாரிடம் திரும்பினார். "பின்னி வச்சதையாவது ஏத்து."

அன்சார் அசையவில்லை. "நான்தானே இதத் தோட்டத்துலேர்ந்து கொண்டாந்தேன். குழி வெட்டிப் புதைக்கணும்னு அங்க சொன்னாங்க. உங்ககிட்டயும் சொன்னேன். நீங்கதான் வாயை மூடுன்னீங்க."

பெண்கள் ஒருசேர நிமிர்ந்து முதலாளியைப் பார்த்தார்கள்.

"தெரிஞ்சேவா மொதலாளி?" என்று கேட்டாள் அகத்தா.

அவர் காரை நோக்கி நடந்தார். "போலீஸோட வரேன். ஒருத்தியும் இங்க இருக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

அன்சார் தன் லாரியின் கதவைத் திறந்தார். "வா தங்கச்சி, ஆஸ்பத்திரிக்குப் போவோம். எதனால வெந்துச்சுன்னு டாக்டர் எழுதித் தரட்டும். நான் சாட்சி சொல்றேன்."

பிடித்து ஏற அகத்தாவின் கைகளால் முடியவில்லை. இரண்டு பேர் அவளைத் தூக்கி உட்காரவைத்தார்கள்.

"அம்மாவ நாங்க பாத்துக்கிறோம்," என்றாள் காளியம்மா.

லாரி போனதும் ஏழு பேரும் அந்தக் கூடைகளை எவரும் எடுத்துப் போக முடியாதபடி அவற்றின் முன்னால் தோளோடு தோள் உரசி உட்கார்ந்தார்கள். சற்று நேரத்தில் செம்மண் பாதையில் கார் திரும்பும் சத்தம் கேட்டது. பின்னாலேயே இன்னொரு வண்டி. யாரும் எழுந்திருக்கவில்லை.